வண்டியைச் சூடாக்காமல் காட்டுங்கள்: டர்பன் பழைய பைக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி விற்கும் கடைக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறேன். தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. சனிக்கிழமை காலையில் உங்கள் கடைப்பக்கம் வருகிறவர்களில் நானும் ஒருவன். வருவது எனக்கு வண்டி வாங்க அல்ல, யாராவது ஒரு தம்பிக்குத் துணையாக. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் உண்டு, இங்கேயே பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. "அண்ணே, கூட வந்து ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். கையில் 50,000 ரேண்டு இருக்கும், மிஞ்சினால் 70,000. அதற்குள் 500 முதல் 700 சிசி வரை நம்பி ஏறக்கூடிய ஒரு வண்டி வேண்டும். அவ்வளவுதான்.

இது ஆடம்பர ஆசை இல்லை. விடிகாலை ஷிஃப்டுக்கு பிராஸ்பெக்டன் தொழிற்பேட்டைக்குப் போகிறவன் 125 சிசி வண்டியோடு என்-2 நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். 1000 சிசி அவனுக்குத் தேவையே இல்லை. நடுத்தர வண்டி தினப்பாட்டுக்கும் ஆகும், ஞாயிற்றுக்கிழமை பழைய மெயின் ரோடு வழியாக போதாஸ் ஹில் பக்கம் ஒரு சுற்றுப் போய்வரவும் ஆகும். இந்தக் காசு போனால் அவனிடம் இரண்டாவது காசு கிடையாது. நான் கேட்கப்போவது எல்லாமே இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

வண்டியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை, வாங்க வருகிறவரிடம் விலை பேசுவதற்கு முன்னாலேயே எழுத்தில் கொடுங்கள். நாங்கள் வரும்போது என்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள். இந்த இரண்டும்தான் என் கோரிக்கை.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். ஒரு தம்பிக்காக 650 சிசி சுசுகி வி-ஸ்ட்ராம் பார்க்கப் போனோம். காலை ஒன்பது மணிக்கு வருகிறோம் என்று முதல் நாளே போன் செய்து சொல்லியிருந்தோம். போய் என்ஜின் கவரில் கை வைத்தால் சுடுகிறது. "உங்களுக்காகத்தான் ஒரு ரவுண்டு ஓட்டி வைத்தேன்" என்றார் விற்பனையாளர். பட்டனை அழுத்தியதும் பிடித்துக்கொண்டது, சத்தமும் சுத்தம். தம்பி முகத்தில் அப்போதே சிரிப்பு. நான் சீட்டைக் கழற்றச் சொல்லி, பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தேன். என்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டியது 12.3. பேட்டரிக்குப் போகிற மின்சாரத்தைச் சீராக்குகிற ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரிக்குச் சார்ஜே ஏறவில்லை. ஆறிக் கிடந்திருந்தால் அந்த வண்டி ஸ்டார்ட் ஆகியிருப்பதே சந்தேகம். அதற்குத்தான் அந்த ரவுண்டு.

எனக்கு வருத்தம் தந்தது அந்த ரெகுலேட்டர் இல்லை. பழைய சுசுகிகளில் அது எரிந்துபோவது ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. கழற்றி மாட்டக்கூடிய சாமான்தான், அரை நாள் வேலைகூட இல்லை. செயின், டயர், ஃபோர்க், பிரேக் எல்லாம் அந்த வண்டியில் நன்றாகவே இருந்தன. "சார்ஜ் ஏறவில்லை, ரெகுலேட்டர் மாற்ற வேண்டும்" என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தக் காசைக் கழித்துக்கொண்டு அன்றைக்கே வாங்கியிருப்போம். சொல்லவில்லை. இதை மறைத்தவர் இன்னும் எதை மறைத்தாரோ என்று தம்பி கிளம்பிவிட்டான். நல்ல வண்டி ஒன்று விற்காமல் நின்றது, அவனும் இன்னும் சில மாதம் பஸ்ஸில் போனான்.

ஆறிய என்ஜின் பேசும். ஸ்டார்ட்டர் எவ்வளவு சிரமப்பட்டுச் சுற்றுகிறது, என்ஜினுக்குள் வால்வுகளை இயக்குகிற கேம் செயின் முதல் சில நொடி கடகடக்கிறதா, புகையில் நீலம் இருக்கிறதா என்பதெல்லாம் அந்த முதல் நிமிடத்தில் தெரிவது. சூடான பிறகு பாதி மறைந்துவிடும். குளிர்ந்த காலையில் வெள்ளையாக வருகிற நீராவியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை என்று நானே பையன்களிடம் சொல்லிவிடுவேன். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். அதை அவன் தெரிந்துகொண்டு வாங்குவதா விடுவதா என்று முடிவு செய்யட்டும்.

அப்புறம் விபத்து. வண்டி கீழே விழுந்ததா என்று கேட்டால் "ஸ்டாண்டில் நின்றது சாய்ந்துவிட்டது" என்கிற பதில்தான் எல்லாக் கடையிலும். சாய்ந்த வண்டியில் லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் நுனி, ஹேண்டில் முனை தேயும். அது பெரிய விஷயமில்லை. ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் ஃபிரேமின் கழுத்தில் போய் முட்டி நிற்க ஒரு சின்ன முட்டு இருக்கும், குனிந்து டார்ச் அடித்தால்தான் தெரியும். அது நசுங்கியிருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தாலோ, வண்டி வேகத்தில் எதிலோ மோதியிருக்கலாம். ஹேண்டிலை நடுவுக்குக் கொண்டுவரும்போது ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் பிடித்தால் ஸ்டீயரிங் பேரிங் போயிருக்கும். கடையில் நிற்கும் ஒவ்வொரு வண்டியிலும் இதெல்லாம் உங்கள் மெக்கானிக்குக்குத் தெரியும். தெரிந்தவரிடம் காசு கொடுத்துவிட்டு, தெரியாதவன் டார்ச்சோடு குனிந்து தேடுவது நியாயமா?

பதிவுப் புத்தகத்தில் வண்டியின் நிலையைச் சொல்லும் எண், கோடு 2 என்று இருக்கிறதே என்பீர்கள். கோடு 3 என்றால் ஓட்டத் தகாதது என்று தள்ளப்பட்டு மறுபடி கட்டி எழுப்பிய வண்டி. அதை நீங்களே சொல்லிவிடுகிறீர்கள், சரி. ஆனால் கோடு 2 என்பது பழைய வண்டி என்பதற்கான எண், அடிபடாத வண்டி என்பதற்கான சான்று இல்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடி, மோதி, வீட்டுக் கொட்டகையில் நிமிர்த்தப்பட்ட வண்டியும் கோடு 2-ஆகவேதான் இருக்கும். சாலையில் ஓட்டத் தகுதி என்கிற ரோட்வொர்த்தி சான்றும் அப்படித்தான். விளக்கு, பிரேக், டயர், ஹாரன் சரியா என்று பார்த்து 60 நாளுக்குக் கொடுக்கிற சான்றிதழ் அது. வால்வு எப்போது சரிபார்த்தார்கள் என்று அது சொல்லாது. சர்வீஸ் புத்தகமும் பில்களும்தான் சொல்லும். புத்தகம் தொலைந்துவிட்டால், தொலைந்துவிட்டது என்றே எழுதிக் கொடுங்கள்.

எழுதிக் கொடுத்தால் நமக்கே வினையாகிவிடும் என்று உங்களில் சிலர் நினைப்பது தெரியும். சட்டம் சொல்வது நேர்மாறு. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருள் பழுதானது என்றால் 6 மாதத்துக்குள் அதைத் திருப்பிக் கொடுத்து, சரிசெய்து தா, மாற்றித் தா, அல்லது பணத்தைத் தா என்று வாங்கினவர் கேட்கலாம். பழைய வண்டிக்கும் இது உண்டு. ரசீதின் அடியில் 'ஃபுட்ஸ்டூட்ஸ்', அதாவது இருக்கிற நிலையிலேயே விற்கப்பட்டது, என்று பொதுவாக ஒரு முத்திரை குத்திவிட்டு இதிலிருந்து தப்பிக்க முடியாது. ஆனால் இன்ன குறை இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லி, வாங்குகிறவரும் தெரிந்தே ஒப்புக்கொண்டால், அந்தக் குறையைக் காட்டி அவர் பிறகு திரும்பி வர முடியாது. அதாவது, "முன் ஃபோர்க் இடப்பக்க சீல் கசிகிறது, செயினும் ஸ்பிராக்கெட்டும் தேய்ந்திருக்கின்றன" என்று நீங்கள் எழுதிக் கையெழுத்து வாங்குகிற தாள் உங்களுக்கே காவல்.

தனி ஆளிடம் வீட்டு வாசலில் வாங்கினால் இந்தச் சட்டம் அவனுக்குத் துணை வராது. அங்கே விலை குறைவு என்று தெரிந்தும் உங்களிடம் வந்து கூடுதலாகக் கொடுக்கிறான் என்றால் அது இந்தப் பாதுகாப்புக்காகத்தான். அந்தக் கூடுதல் காசுக்கு உரியதை அவனுக்குக் கொடுங்கள்.

அடுத்து, எந்த வண்டியை அவனுக்குக் காட்டுகிறீர்கள் என்பது. இதில்தான் எனக்குக் கோபமே வருகிறது. பத்தொன்பது வயதுப் பையன் உள்ளே வந்ததும் ஜன்னலோரம் நிறுத்திய 600 சிசி ஸ்போர்ட்ஸ் வண்டிக்குத்தான் அழைத்துப் போகிறீர்கள். விலை அவன் கைக்கு எட்டும். ஏன் எட்டுகிறது? அந்த வண்டிகளில் பல, கையில் சிக்கினவரெல்லாம் உச்சச் சுற்றில் வைத்து முறுக்கினவை. இன்சூரன்ஸ் விலை கேட்டால் தலை சுற்றும். இந்த நாட்டு லைசென்ஸில் 125 சிசி வரை ஏ1, அதைத் தாண்டினால் ஏ. நடுவில் வேறு படி கிடையாது. 18 வயதானவன் லேர்னர்ஸ் எடுத்த மறுநாளே 1000 சிசியில் ஏறினாலும் சட்டம் தடுக்காது. தடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் வீட்டாரும் நீங்களும் மட்டும்தான். வீட்டாருக்கு வண்டியைப் பற்றித் தெரியாது.

அவனுக்குக் காட்ட வேண்டிய வண்டிகள் உங்கள் கடையில் பின்வரிசையில் நிற்கின்றன. வி-ஸ்ட்ராம் 650, கவாசாகி ஈஆர்-6, வெர்சிஸ் 650, ஹோண்டா சிபி500, என்சி700. எல்லாம் இரட்டை சிலிண்டர், குறைந்த சுற்றிலேயே இழுக்கும், பெட்ரோலையும் அளவாகக் குடிக்கும். என்சி700-ஐ யாரும் அழகு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழு ஹெல்மெட்டை வைத்துப் பூட்டலாம், தினமும் வேலைக்குப் போகிறவனுக்கு அதன் அருமை தெரியும். வேலைக்காக வந்த தம்பிகள் ராயல் என்ஃபீல்டு 650-ஐப் பார்த்தால் நம்ம சென்னை வண்டி என்று ஓடிப்போய் நிற்பார்கள். அதுவும் நல்ல தேர்வுதான், முன்பு வைத்திருந்தவர் சர்வீஸை ஒழுங்காகச் செய்திருந்தால்.

ஒவ்வொன்றுக்கும் அதனதன் பலவீனம் உண்டு, அதையும் சொல்லிக் கொடுங்கள். சுசுகி எஸ்வி650-இல் முன் சிலிண்டரின் பிளக் குழியில் மழைத்தண்ணீர் தேங்கும். அது வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, மண் அடைத்துக்கொண்டால் நம் ஊர்க் கோடை மழையில் வண்டி ஒற்றை சிலிண்டரில் திக்கித் திணறும். ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்தால் தீர்ந்தது. தெரியாதவன் என்ஜினே போய்விட்டது என்று நினைத்து அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவான்.

கடற்கரை ஊர் என்பதால் துருவையும் மறைக்காதீர்கள். ஃபோர்க் குழாயில் சீல் ஓடுகிற இடத்தில் துருப் புள்ளி விழுந்திருந்தால் புது சீல் போட்டாலும் கிழித்துவிடும். பாலிஷ் போட்டுக் காட்டுவதை விட்டு, குழாயை மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் கடைசி நாலு எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். 2317 என்றிருந்தால் 2017-இன் 23-ஆம் வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் அந்த ரப்பர் கெட்டித்துப் போயிருக்கும், ஈரச் சாலையில் பிடிக்காது. புது டயர், செயின் செட், ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 70,000. முழுவதையும் வண்டிக்கே வாங்கிக்கொண்டு அனுப்பாதீர்கள்.

உங்கள் பக்கத்துச் சிரமமும் எனக்குத் தெரியும். லைசென்ஸ் இல்லாமல் வந்து ஓட்டிப் பார்க்கக் கேட்கிறவர்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறவர்கள், ஒப்புக்கொண்ட விலையைக் கடைசி நிமிடத்தில் குறைக்கிறவர்கள் எல்லாரும் உண்டு. என்னோடு வருகிற பையன்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். லைசென்ஸ், ஹெல்மெட், வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் பதிவுக்கு வேண்டிய டிராஃபிக் ரெஜிஸ்டர் எண், எல்லாம் கையில் இருக்கும். ஓட்டிப் பார்க்க முன்பணம் கட்டச் சொன்னால் கட்டுவோம்.

ஒரு பக்கத்தில் அடங்குகிற தாள் ஒன்றைத் தயார் செய்திருக்கிறேன். சேசிஸ் எண், கோடு, ஓடிய கிலோமீட்டர், கடைசி சர்வீஸ், வால்வு பார்த்த தேதி, டயர் தேதி, பேட்டரி வோல்ட், தெரிந்த அடி, தெரிந்த பழுது, இரண்டு கையெழுத்து. ஆங்கிலத்திலும் தமிழிலும் இருக்கிறது, கேட்கிற கடைக்குத் தருகிறேன். இதை நிரப்பி வண்டியில் தொங்கவிடுகிற கடைக்குத்தான் இனிமேல் பையன்களை முதலில் அழைத்து வருவேன். சனிக்கிழமை காலையில், கடை திறந்த உடனே வருவோம்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு ஃபிட்டர்