கல் இருக்கும் இடம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஐப்பசி மழையில் பின்கட்டில் நாலு ஓடு சரிந்தது, மாற்றியாகிவிட்டது. சம்பா நன்றாகத் தூர் கட்டியிருக்கிறது.

நாலு ஞாயிற்றுக்கிழமையாக உன் போன் வரவில்லை. மருமகள் பாப்பா படம் அனுப்பியிருந்தாள், அதனால் நலம் என்று தெரிந்துகொண்டோம். வேலை இருக்கும். ஆனாலும் ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறாள். எட்டு மணிக்கு எழுந்து உள்ளே போகிறாள். ஒன்றும் சொல்வதில்லை. இரண்டு நிமிஷம் பேசினால் போதும்.

வீடு வாங்கும் பேச்சு எந்த அளவில் இருக்கிறது? பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் பின்பக்க வேலி யாருடையது என்று எழுத்தில் கேட்டு வாங்கு. நீயே டேப் பிடித்து அளந்து பார். ஏஜென்ட் சொன்னான் என்று விட்டுவிடாதே. குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு போ.

போன வருஷம் இதே கார்த்திகையில் வேலியே போடாமல் இன்னும் பழையபடி உழுகிற அந்த லாக்ஸ்டன் கிராமத்துக்கு என்னைக் கூட்டிப் போனாயே, அந்த நாள் அடிக்கடி ஞாபகம் வருகிறது. திரும்பி வரும்போது காரில் நீ இரண்டு கேள்வி கேட்டாய். இங்கிலாந்தில் எல்லா ஊரும் வேலி போட்டுக்கொண்டபோது இந்த ஊர் மட்டும் எப்படித் தப்பியது என்பது முதல் கேள்வி. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்தியவன், தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். முதலாவதை ஊருக்கு வந்ததும் தேடிப் படித்தேன். அதை முதலில் எழுதுகிறேன்.

முன்னே அந்தப் பக்கத்து ஊர் பலவும் லாக்ஸ்டன் மாதிரிதான் இருந்திருக்கின்றன. ஊரைச் சுற்றி இரண்டு மூன்று பெரிய வயல். நடுவில் வேலி கிடையாது. ஒவ்வொரு வயலிலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அங்கே ஒரு துண்டு, இங்கே ஒரு துண்டு. நல்ல மண்ணும் கெட்ட மண்ணும், மேடும் தண்ணீர் தேங்கும் பள்ளமும் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வரும்படி. நம் தாத்தா பாகம் பிரித்தபோது மடையடி வயலையும் கடைமடை வயலையும் இரண்டாகப் பிளந்து எனக்கும் சித்தப்பாவுக்கும் கொடுத்தாரே, அதே கணக்கு. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பார்லிமென்ட்டில் ஊர் ஊராகச் சட்டம் போட்டுத் துண்டுகளைச் சேர்த்து, ஆளுக்கு ஒரே இடமாகக் கொடுத்து, சுற்றிலும் வேலி அடைத்துவிட்டார்கள். பெரிய கைகளுக்கு லாபம். ஒரு பசு வைத்துப் பொதுப்புல்லில் மேய்த்துப் பிழைத்தவனுக்கு மேய்ச்சல் போயிற்று.

லாக்ஸ்டனில் அது முழுசாக நடக்கவில்லை. மான்வர்ஸ் பிரபு, ஸ்கார்பரோ பிரபு என்று இரண்டு பெரிய நிலக்காரர்கள். அவர்களுக்குள் ஒத்துவராமல் இழுத்துக்கொண்டே போனது ஒரு காரணம் என்கிறார்கள். அப்புறம் காலம் மாறி, இதைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. 1952-இல் மான்வர்ஸ் குடும்பம் விவசாய அமைச்சகத்துக்கு விற்றது. 1981-இல் அரச சொத்து நிர்வாகத்துக்குக் கைமாறியது. 2020-இல் பக்கத்திலுள்ள தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கு, அதாவது பழைய மான்வர்ஸ் வழிச் சொத்துக்கே, திரும்பி வந்தது. இத்தனை கை மாறியும் வெஸ்ட் ஃபீல்ட், மில் ஃபீல்ட், சவுத் ஃபீல்ட் மூன்றும் இன்றும் இருக்கின்றன. ஒன்றில் குளிர்கால கோதுமை, ஒன்றில் வசந்தத்தில் விதைப்பது, ஒன்று சும்மா கிடக்கும். அடுத்த வருஷம் இடம் மாறும். துண்டுகள்தான் குறைந்துவிட்டன. 1635-இல் சர் வில்லியம் கோர்ட்டன் என்பவருக்காக மார்க் பியர்ஸ் அளந்து வரைந்த வரைபடம் ஆக்ஸ்ஃபோர்ட் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அன்றைக்கு 2000-க்கும் மேல் துண்டுகள். எந்தத் துண்டு யாருடையது என்று தனியாக ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார். நம் ஊர் அடங்கலும் புல வரைபடமும் மாதிரிதான். இது 1635-இல்!

ஊரின் அமைப்பும் அதனால்தான் அப்படி. பண்ணை வீடுகளெல்லாம் தெருவிலேயே நெருங்கி நிற்கிறதைப் பார்த்து, நம்ம ஊர் மாதிரி இருக்கிறதே என்று நான் சொன்னேன். நிலம் நாலு திக்கிலும் சிதறிக் கிடந்தால் வீடு நடுவில்தானே இருக்க முடியும். வேலி அடைத்த ஊர்களில் விவசாயி வயலுக்கு நடுவே தனி வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். உழமுடியாத சரிவையும் ஈரப்பள்ளத்தையும் புல்லாக விட்டு, சைக்ஸ் என்று பெயர் வைத்து, வருஷா வருஷம் புல்லை ஏலம் விடுகிறார்கள். பயிரில் இறங்கின மாட்டைப் பிடித்து அடைக்கும் பவுண்டைக்கூட எடுத்துக்கட்டி வைத்திருக்கிறார்கள், அதற்கு ஓர் ஆளும் உண்டு. நம் ஊர்ப் பவுண்டு இடிந்து, அந்த இடத்தில் இப்போது நிழற்குடை இருக்கிறது.

அன்றைக்கு, துண்டுகளின் எல்லையைச் சரிபார்க்கும் ஜூரி வந்த நாள். காலையில் பனி. டிராக்டர் பெட்டியில் அந்த ஊர் விவசாயிகள் கம்பளித் தொப்பியோடு வந்து இறங்கினார்கள். பன்னிரண்டு பேர் ஜூரி. கோதுமை விதைத்த வயலை மட்டும் பார்ப்பார்கள், ஆகவே ஒரு வயலுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் பரிசோதனை. நீ பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பாதையிலேயே நின்றுவிட்டாய், நான் கிட்டே போனேன். என்னைவிட வயதான ஒருவர் மண்வெட்டியால் துண்டின் முனையில் கொத்தினார். சிவப்புக் களி, ஈரமாக, மண்வெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டது. மறுபடி கொத்தினார். ஒரு சாண் ஆழத்தில் கறுத்து உளுத்த குச்சி ஒன்று தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அடித்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்து ஆளிடம் ஒரு வார்த்தை சொன்னார். அவர் புதுக் குச்சியை அதே இடத்தில் நிறுத்திச் சம்மட்டியால் அடித்தார். நாலு அடி. அவ்வளவுதான், அடுத்த துண்டுக்குப் போய்விட்டார்கள்.

யாராவது வண்டிப்பாதைக்குள் ஒரு சால் ஏற்றி உழுதிருந்தால், பக்கத்துத் துண்டில் கொஞ்சம் இழுத்திருந்தால், எழுதிக்கொள்வார்கள். அடுத்த வாரம் டவ்கோட் இன் என்ற சாப்பாட்டுக் கடையில் கோர்ட் லீட் என்கிற ஊர்க் கோர்ட் கூடும். அங்கே அபராதம், சில பவுண்டுதான். 1977-இல் சட்டம் போட்டுப் பழைய ஊர்க் கோர்ட்டுகளின் அதிகாரத்தை எல்லாம் எடுத்தபோதும் லாக்ஸ்டனுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். உழுகிறவர்களே ஜூரி. இழுத்து உழுதவனும் அந்த டிராக்டர் பெட்டியில் மற்றவர்களோடு உட்கார்ந்துதான் வருவான். தன் துண்டு வரும்போது அவனும் இறங்கி நிற்க வேண்டும்.

நீ அந்தக் குளிரில் எனக்காக லீவு போட்டு, கார் ஓட்டி, பாப்பாவையும் தூக்கிக்கொண்டு வந்தாய். நம் தெருவில் எந்தப் பிள்ளை அப்பனுக்கு இதைச் செய்தான்? எல்லாரிடமும் சொன்னேன். ஆனால் சித்தப்பா காரியத்துக்கு நீ வரவில்லை என்பதையும் எல்லாரும் என்னிடம் கேட்டார்கள். டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய். சரி. உன்னைத் தோளில் வைத்துத் தேர் காட்டியவன் அவன். பதினாறாம் நாளாவது வந்திருக்கலாம்.

காரியத்தன்று சித்தப்பா மகன் உன்னோடு போனில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தான். கொல்லையில் நின்று பேசினான். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அதற்கப்புறம்தான் உன் பேச்சு குறைந்தது.

வீட்டு வேலியை அளந்து பார் தம்பி. பக்கத்து வீட்டுக்காரரையும் கூட வைத்துக்கொண்டு அள.

காரில் நீ கேட்ட இரண்டாவது கேள்வி, "நம்ம கிழக்குப் பங்குல கல் எங்கப்பா இருக்கு?" என்பது. வரப்போரம் சேற்றில் புதைந்திருக்கும் என்றேன். பொய். கல் எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பிடுங்கி நட்டவன் நான்தான்.

சித்தப்பா திருப்பூரில் இருந்த ஏழு வருஷமும் அவன் பங்கையும் நான்தான் பார்த்தேன். நெல்லை அளந்து வைத்து, பணம் அனுப்பி, கணக்கு எழுதினேன். அதில் ஒரு காசு தப்பில்லை, நோட்டுப் பரணில் இருக்கிறது. ஆனால் நடவுக்கு முன் இரண்டு பக்கமும் அண்டை வெட்டினவனும் நான்தானே. பள்ளிக்கூடம் போகும் முன், விடியற்காலையில். என் பக்கம் இரண்டு விரல் கூடச் செதுக்குவேன், அவன் பக்கம் அந்தச் சேற்றை அப்புவேன். முதல் தடவை கை தவறி நடந்தது என்றுதான் நினைத்துக்கொண்டேன். அடுத்த போகத்தில் கை தவறவில்லை. குறுவைக்கு இரண்டு விரல், தாளடிக்கு இரண்டு விரல். ஏழு வருஷத்தில் வரப்பு ஒன்றரை அடி நகர்ந்துவிட்டது. 240 அடி நீளத்துக்கு இரண்டரைக் குழி. போகத்துக்கு மூன்று நாலு மரக்கால் நெல் கிடைத்திருக்கும். அதற்காகத்தான் செய்தேனா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மடையை ஒட்டிய பங்கு அவனுக்கு விழுந்தது என்ற ஆற்றாமை இருந்தது. அது மட்டும் தெரிகிறது.

வரப்பு நகர்ந்ததும் கல் என் வயலுக்குள் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. சித்தப்பா ஊரோடு வருவதாகக் கடிதம் போட்ட வாரம், ராத்திரி மழையில் போய் அதைப் பிடுங்கிப் புது வரப்பில் நட்டேன். அவன் வந்த மறுநாள் வயலுக்குப் போனோம். கல்லடியில் மண் புதுசாகத் தெரிந்தது. காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அண்ணன் பாத்துக்கிட்டா சரியாத்தான் இருக்கும்" என்றான். இருபத்தைந்து வருஷம் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரில் வரப்புச் சண்டை என்றால் வாத்தியாரைக் கூப்பிடு என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய் மத்தியஸ்தம் பண்ணுவேன். ஓரத்தில் அவனும் நின்று கேட்டுக்கொண்டிருப்பான்.

லாக்ஸ்டனில் அந்தப் பெரியவர் உளுத்த குச்சியைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. குளிரில் அப்பாவுக்கு முடியவில்லை என்று நினைத்து நீ காரில் ஹீட்டரைக் கூட்டினாய். அப்போது ஊருக்கு வந்ததும் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். தை கழியட்டும், சித்திரை வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஆவணியில் அவன் போய்விட்டான்.

சித்தப்பா மகன் சொன்னது இதுதான் என்றால், அவன் சொன்னது உண்மை. வேறு ஏதாவது என்றால், இதையும் சேர்த்துக்கொள்.

தாலுகா ஆபீஸில் அளக்கச் சொல்லி மனுப் போட்டுப் பணமும் கட்டிவிட்டேன். தையில் அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் சர்வேயர் வருவார். அம்மாவுக்கு ராத்திரிதான் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்றுச் சொல்லத்தான் போனேன். காபி கொடுத்தாள், குடித்துவிட்டு வந்துவிட்டேன். நாளைக்கு மறுபடி போகிறேன்.

அளக்கும்போது சங்கிலியின் ஒரு முனையைச் சித்தப்பா மகன் பிடிப்பான். மறு முனைக்கு நான் போதும், குனிய முடியாவிட்டாலும் நின்றபடி பிடித்துக்கொள்வேன். பொங்கலுக்கு உனக்கு எத்தனை நாள் லீவு என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

பாப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டதா? கற்பூரவல்லி அங்கே கிடைக்காது, துளசியைக் காயவைத்து அனுப்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசு. என்னிடம் கொடுக்கச் சொல்ல வேண்டாம், அவளோடு பேசினால் போதும்.

அன்புடன்,
அப்பா