கோடைத் துணியில் எது பருத்தி?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடையில் 'காட்டன்' என்று கேட்டு வாங்கும் சட்டைத்துணி பல நேரம் பாலியஸ்டர் கலந்த டெரிகாட்டனாக இருக்கிறது. கையால் தடவிப் பார்த்தால் தெரியாது. ஓரத்தில் பாவிலிருந்து (நீளவாக்கில் ஓடும் நூல்) நாலு இழை, ஊடையிலிருந்து (குறுக்கே ஓடும் நூல்) நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்துத் தனித்தனியே கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கடுகு போல் கெட்டியாக உருண்டு நிற்கும். கலப்புத் துணியில் இரண்டும் சேர்ந்து தெரியும்.

பருத்தி இழை காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை ஏற்கும்; பாலியஸ்டர் அரை சதவீதம்கூட ஏற்காது. நெருக்கமாக நெய்த பாலியஸ்டர் சட்டைக்குள் வியர்வை தோலிலேயே தேங்க, வேர்க்குரு வருகிறது. பாலியஸ்டர் உடம்பின் எண்ணெயைப் பிடித்துக்கொள்வதால் துவைத்தாலும் நாற்றம் எளிதில் போவதில்லை. ஆனால் ஓடி விளையாடுபவர்களுக்கு மெல்லிய பின்னல் பாலியஸ்டர் பனியன் நல்லதே, சீக்கிரம் உலரும். பருத்தி நனைந்து கனத்து ஒட்டும்.

பருத்தியிலும் தவறு நடக்கிறது. கெட்டிக் கஞ்சி போட்டால் இழைகளுக்கு நடுவிலுள்ள கண் அடைபட்டு, அதுவும் புழுங்கும். தைப்பதற்கு முன் துணியை ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தாவிட்டால், முதல் சலவையிலேயே மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் சுருங்கலாம்.

பள்ளிச் சீருடைக்குத் துணி தேர்ந்தெடுப்பவர்கள், கசங்காது என்பதற்காக மட்டும் பாலியஸ்டர் மிகுந்த துணியை வாங்க வேண்டாம். பிள்ளைகள் அதைப் பகல் முழுக்க உடுத்தியிருக்கிறார்கள்.

ஒரு துணி வியாபாரி,
ஈரோடு