மூன்று வருடம் கொடுக்கலாமா என்று கேட்ட தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உட்காரும்போதும் நிற்கும்போதும் பேசும்போதும் உடம்பு தன்னையறியாமல் செய்யும் இறுக்கத்தைக் கவனித்து விடக் கற்றுத்தரும் அலெக்சாண்டர் டெக்னிக்கில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேரலாமா, அதற்காக வேலையை விடலாமா என்று கேட்டிருந்தாய். உனக்கு மட்டும் பதில் போட்டிருக்கலாம். ஆனால் இங்கே லண்டனில் பாடுகிறவர்கள், பரதம் ஆடுகிறவர்கள், ஒரு பிசியோதெரபிஸ்ட் என்று வேறு சிலரும் இதையே கேட்கிறார்கள். அதனால் பொதுவில் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள். உனக்கு வேண்டியது குரலா, தொழிலா? கச்சேரி பாதியில் தொண்டை கட்டுவது நின்றால் போதும் என்றால் பயிற்சியில் சேரவே வேண்டாம். இப்போது போகிற வகுப்புக்கே தொடர்ந்து போ. முதுகுவலிக்காக வந்து, வலி குறைந்த சந்தோஷத்தில் ‘நானும் ஆசிரியர் ஆகிறேன்’ என்று கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். வலி போனதற்கு நன்றிக்கடன் செலுத்த மூன்று வருடம் ரொம்ப அதிகம்.

ஆனால் நீ இன்னொன்றும் சொல்லியிருந்தாய். உன்னிடம் பாட்டுக் கற்கிற பிள்ளைகள் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது தாடையை முன்னால் நீட்டுவது இப்போதெல்லாம் கண்ணில் படுகிறது, ‘நீட்டாதே’ என்று சொன்னால் இன்னும் மோசமாகிறது என்று. ஆசிரியர் ஆவதைப் பற்றிப் பேச அதுதான் சரியான இடம்.

இந்த முறையை உருவாக்கிய அலெக்சாண்டர் மாட்டிக்கொண்டதும் அங்கேதான். கதையை உன் ஆசிரியர் சொல்லியிருப்பார், இருந்தாலும் நான் சொல்கிற விதத்தில் ஒருமுறை கேள். 1869-இல் டாஸ்மேனியாவில், வின்யார்டு பக்கம் பிறந்த மனிதர். மேடையில் ஷேக்ஸ்பியர் வசனம் சொல்வதுதான் பிழைப்பு. மைக் கிடையாது. நடுவில் குரல் கம்மிப்போகும். பேசாமல் ஓய்வெடு என்றார் டாக்டர். எடுத்தால் சரியாகும், மேடை ஏறினால் திரும்பி வரும். அப்படியென்றால் மேடையில் நான் என்னவோ செய்கிறேன் என்று கண்ணாடி முன்னால் நின்று பார்த்தார். வாயைத் திறக்கப் போகும் நொடியில் தலையைப் பின்னால் இழுக்கிறார், குரல்வளையை அழுத்துகிறார், சத்தம் வர வாயால் காற்றை உறிஞ்சுகிறார். சரி, இனி இழுக்கக் கூடாது என்று தலையை முன்னால் வைத்துப் பேசினார். இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: முன்னால் வைத்திருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் தலை இன்னும் பின்னால்தான் போய்க்கொண்டிருந்தது.

உன் மாணவிக்கு நடப்பதும் இதேதான். ‘தாடையை உள்ளே வை’ என்றால் அவள் உள்ளே வைத்துவிட்டதாக நிஜமாகவே நம்புகிறாள். பழகிப்போன கோணல் உடம்புக்கு நேராகத்தான் தோன்றும். அதனால் சரியாகச் செய்ய முயல்வதை அலெக்சாண்டர் விட்டுவிட்டார். ‘பேசப்போகிறேன்’ என்ற எண்ணம் எழுந்ததும் அதற்கு உடனே இணங்காமல் சற்று நிறுத்தப் பழகினார். இன்ஹிபிஷன் என்று வகுப்பில் காதில் விழுந்திருக்குமே, அது. நின்ற இடத்தில் கழுத்து தளரட்டும், தலை முன்னும் மேலுமாகப் போகட்டும், முதுகு நீளட்டும், அகலட்டும் என்று நினைப்பது மட்டும்தான் வேலை, செய்வது இல்லை. அப்புறம் பேசலாம், பேசாமல் இருக்கலாம், கையை வேறு எதற்காவது தூக்கலாம். கடைசிவரை எதையும் முடிவு செய்துவிடக் கூடாது.

1904-இல் லண்டனுக்கு வந்தார். விக்டோரியா பக்கம் ஆஷ்லி பிளேஸில் இருந்த தன் வீட்டில் 1931-இல் முதல் ஆசிரியர் பயிற்சியைத் தொடங்கினார். அப்போதே மூன்று வருடம்தான். அந்த மாணவர்களை வைத்து 1933-இல் ஓல்ட் விக் அரங்கில் ‘மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’ நாடகமே போட்டார். அவரே ஷைலாக். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு நடிப்பு தெரியாது. ஆசிரியர் ஆக வந்தவர்களை எதற்கு மேடை ஏற்ற வேண்டும்? திரை தூக்கும் நேரத்தில் வயிறு கலங்கும்போதுகூட நிற்கத் தெரிகிறதா என்று பார்க்கத்தான். இன்றைய பயிற்சிகளில் நாடகம் இல்லாமல் போனது எனக்கு ஒரு குறை.

இப்போதைய கணக்கைச் சொல்கிறேன். ஆசிரியர்களின் சங்கமான ஸ்டாட் 1958-இல் உருவானது. அதன் அங்கீகாரம் பெற்ற பயிற்சி என்றால் வழக்கமாக மூன்று வருடம், 1600 மணி நேரம். அதில் ஐந்தில் நான்கு பங்கு செய்முறை. ஐந்து மாணவருக்கு ஒரு ஆசிரியராவது இருக்க வேண்டும். நடைமுறையில் வாரத்துக்கு நான்கைந்து நாள், நாளுக்கு மூன்று மணி நேரம், டெர்ம் டெர்மாக. மனப்பாடம் பண்ணிப் பக்கம் பக்கமாக எழுதும் பரீட்சை என்று நினைத்துக்கொண்டு போகாதே. வெளியிலிருந்தும் ஆள் வந்து உன் கை வேலையைப் பார்ப்பார்கள், ஆனால் நீ தேறிவிட்டாயா என்று தினமும் பார்த்துக்கொண்டிருப்பவர் உன் பள்ளியின் தலைமை ஆசிரியர்தான்.

முதல் வருடம் பெரும்பாலும் யாரையும் தொட விடமாட்டார்கள். இது எல்லோருக்கும் எரிச்சலைக் கிளப்பும். உட்காருவது, எழுவது, மண்டியை மடக்கிப் பாதி குனிந்து நிற்பது, நாற்காலியின் முதுகுப் பலகையை விரல் மடங்காமல் பிடிப்பது. அப்புறம் மேசையில் மல்லாந்து, முட்டியை மடக்கி, தலைக்குக் கீழே இரண்டு மூன்று புத்தகம் வைத்துப் படுப்பது. புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுத்தால் சரஸ்வதி கோபித்துக்கொள்வாள் என்று வளர்ந்தவர்கள் நாம். எனக்கு அது பழகவே கொஞ்ச நாள் பிடித்தது. பழைய டெலிபோன் டைரக்டரி கிடைத்தால் பாவம் குறைவு.

இரண்டாம் வருடம் கை வைக்கத் தொடங்குவாய். உன் கை மேல் ஆசிரியரின் கை இருக்கும். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று வை. உன் வலது கை அவர் கழுத்தின் பின்னால், மண்டை ஓட்டுக்குச் சற்றுக் கீழே. இடது கை தாடைக்குக் கீழே, சும்மா தொட்டுக்கொண்டு. ‘எழலாம்’ என்கிறாய். அவர் கால் அசைவதற்கு முன்பே உன் விரலுக்கடியில் கழுத்தின் இரண்டு பக்கமும் விறைக்கும். அந்த நொடியைப் பிடிப்பதுதான் தொழில். அதைப் பிடிக்க உன் கை மிருதுவாக இருக்க வேண்டும். ‘இவரை நன்றாக எழுப்பிவிட வேண்டும்’ என்று நீ ஆசைப்பட்டாலே உன் தோள் ஏறும், கட்டைவிரல் அழுத்தும், உடனே அவர் கழுத்து எதிர்த்து நிற்கும். பிறரைச் சரிசெய்யும் கைத்திறனைக் கற்கப்போகிறோம் என்று நினைத்து வருகிறார்கள். நடப்பது தலைகீழ். உன் அவசரம் உன் விரல் வழியாக இன்னொருவர் உடம்புக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் மூன்று வருடமும் செலவாகிறது. அந்த பிசியோதெரபிஸ்ட்டுக்கும் இதைத்தான் சொன்னேன். கை வைத்தால் எதையாவது செய்தே தீர வேண்டும் என்று பல வருடம் பழகிய கைக்கு இது ரொம்பக் கஷ்டம்.

பாட்டு ஆசிரியையான உனக்கும் ஒரு தனிக் கஷ்டம் காத்திருக்கிறது. பிள்ளை தவறினால் அடுத்த விநாடி நீ பாடிக்காட்டிவிடுவாய். அங்கே அது செல்லாது.

உனக்குச் சாதகமானதும் இருக்கிறது. சம்மணம் போட்டு இரண்டரை மணி நேரம் உட்காரத் தெரியும். இந்தப் பள்ளிகளில் எல்லாம் நாற்காலிதான், அலெக்சாண்டர் காலத்து லண்டன் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாற்காலியில் எந்தப் புனிதமும் இல்லை. தரையில் உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பாடும்போது கழுத்தில் கை வைத்துப் பாருங்கள் என்று நீயே கேள். தாளம் போடும் கை தொடையில் விழும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத் தோள் கொஞ்சம் இறங்கி, கழுத்து அந்தப் பக்கமே இழுபடுவது சிலரிடம் நன்றாகத் தெரியும். நாற்காலி வகுப்பில் இது யார் கண்ணிலும் படாது. நம் சங்கீதக்காரர்களிடம் வேலை செய்ய நம்மில் ஒருவர் வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். உன்னைத் தடுக்காமல் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருப்பதற்கும் காரணம் அதுவே.

இனி ஆதாரம். உன் வீட்டுக்காரர் டாக்டர், கேட்காமல் விடமாட்டார். 2008-இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வைக் காட்டு. நாள்பட்ட முதுகுவலி உள்ள 579 பேர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு ஒரு வருடம் கழித்து நான்கு வாரத்தில் 21 நாள் வலி இருந்தது. 24 அலெக்சாண்டர் வகுப்பு எடுத்தவர்களுக்கு 3 நாள். ஆறு வகுப்போடு டாக்டர் சொன்ன உடற்பயிற்சியும் சேர்ந்தபோது கிட்டத்தட்ட அதே அளவுக்குப் பலன் கிடைத்தது. இதை நம் ஆட்கள் சொல்ல மறந்துவிடுவார்கள், நீ மறக்காதே. 2015-இல் கழுத்து வலிக்கு 517 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. அதிலும் பலன் இருந்தது, ஆனால் அக்குபங்சருக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். பார்க்கின்சன் நோயாளிகளில் சமநிலைக்கும் அசைவுக்கும் சிரமப்படுகிறவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-இல் சொல்லியிருக்கிறது. குரலுக்கு இந்த அளவில் ஒரு ஆய்வை என்னால் காட்ட முடியாது. ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் சொல்லித்தருகிறார்கள் என்பது மரியாதை, ஆதாரம் இல்லை. அதே மாதிரிதான் நோபல் கதையும். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973-இல் நோபல் பரிசு வாங்கிய டின்பெர்கன், தன் நோபல் உரையில் கணிசமான பகுதியை அலெக்சாண்டருக்குக் கொடுத்தார். அதைக் காட்டி ‘நோபல் பரிசே கிடைத்திருக்கிறது’ என்கிற அளவுக்குப் பேசுகிறவர்கள் உண்டு. நீ அப்படி ஒரு விளம்பரம் போட்டால் நான் உன்னோடு பேசமாட்டேன்.

பணம். பல ஆயிரம் பவுண்டு ஆகும், பட்டப்படிப்பு இல்லை என்பதால் வழக்கமான மாணவர் கடனை நம்பாதே. முடித்த பிறகும் மாதச் சம்பளம் தருகிற வேலை அரிது. இசைக் கல்லூரி, நாடகப் பள்ளி இடங்கள் மிகக் குறைவு. பெரும்பாலோர் வீட்டில் ஒரு அறை, வாரத்தில் சில மாணவர்கள், அதோடு வேறு வேலை என்றுதான் ஓட்டுகிறார்கள். இன்னொன்று, பிரிட்டனில் இந்தப் பெயரைச் சட்டம் காப்பதில்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். சான்றிதழ் இருந்தால் சங்கத்தில் சேரலாம், காப்பீடு எடுக்கலாம், கல்லூரிகள் மதிக்கும். கூட்டம் அதனால் வந்துவிடாது.

இப்போது யாரும் உனக்கு முன்கூட்டியே சொல்லாத ஒன்று. அலெக்சாண்டரின் 1910-ஆம் ஆண்டுப் புத்தகத்தை வகுப்பில் படிப்பார்கள். மனித இனங்களைப் படிநிலையாக அடுக்கி, ‘நாகரிகமடையாதவர்கள்’ என்று கறுப்பின மக்களைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பக்கங்கள் அதில் உண்டு. உன்னையும் என்னையும் அந்த ஏணியில் அவர் எந்தப் படியில் நிறுத்தியிருப்பார் என்று யோசித்துக்கொண்டேதான் படிக்க வேண்டும். நான் பயின்ற இடத்தில் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். கேட்டதற்கு ‘அந்தக் காலம் அப்படி’ என்று பதில் வந்தது. எனக்கு அந்தப் பதில் போதவில்லை, இன்றும் போதவில்லை. கண்ணாடி முன்னால் அவர் கண்டது உண்மை, அந்தப் பக்கங்கள் அசிங்கம். இரண்டையும் ஒரே மனிதர்தான் செய்தார். இப்போது பல பள்ளிகள் இதை வெளிப்படையாகப் பேசுகின்றன. சேரும் முன் நேராகக் கேட்டுவிடு. கேள்வியைக் கேட்டதும் அவர்கள் கழுத்து என்ன செய்கிறது என்றும் பார்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்க ஒரு யோசனை. அலெக்சாண்டர் 1955-இல் இறந்த பிறகு அவருடைய மாணவர்கள் ஆளுக்கொரு வழியில் போனார்கள். கேரிங்டன் வழி, மெக்டொனால்டு வழி, பார்லோ வழி என்று இன்றும் சொல்வார்கள். நம் சங்கீதத்தில் பாணி இருப்பது போலத்தான். ஒன்றில் கை ரொம்ப அமைதியாக இருக்கும், இன்னொன்றில் தூக்கிவிடுகிற மாதிரி தெம்பாக இருக்கும். எது உசத்தி என்று சண்டை போடுவார்கள், அதில் நீ தலையிடாதே. ஒவ்வொரு பாணியிலும் ஒரு பள்ளியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேள், பெரும்பாலும் தருவார்கள். தலைமை ஆசிரியரைப் பார்ப்பதைவிட மூன்றாம் வருட மாணவர்களைப் பார். அவர்கள் உன் மேல் கை வைக்கட்டும். அவர்கள் கையில் அவசரம் தெரிந்தால் எழுந்து வந்துவிடு.

வேலையை இப்போதே விடாதே. மதியம் வரை வகுப்பு, அப்புறம் வேலை என்று பாதி நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார். ஐ.டி. கம்பெனி என்பதால் கொடுக்க வாய்ப்பிருக்கிறது. முதல் டெர்ம் முடியும் வரை பிள்ளைகளின் பாட்டு வகுப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதே. நீ கற்பதை வைத்துப் பார்க்க வேறு இடம் உனக்கு இல்லை.

அன்புடன்,
அக்கா