நடுவில் ஓர் 'எ'

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து மூன்று மாதமாயிற்று. பதில் போடாதது என் தப்புதான். அம்மாவைக் கேட்டதாகச் சொல். மணியண்ணனின் வண்டி இன்னுமா ஓடுகிறது?

வீட்டுக்கார அம்மாள் தேநீருக்குக் கூப்பிட, துருக்கி மொழியில் 'கெல்மெம்' என்றாயாமே! படித்ததும் பகீரென்றது. அதற்கு 'வரமாட்டேன்' என்று பொருளடா. நீ சொல்ல நினைத்தது 'கெலெமெம்', அதாவது வர முடியாது. நடுவில் ஓர் 'எ'தான். அது விழுந்தால் இயலாமை மறுப்பாகிவிடும். (முதல் 'கெ'யை 'கங்கை'யின் ககரமாகச் சொல்.)

பிரித்துப் பார். கெல் என்றால் வா. கெல்-தி-ம், வந்தேன். கெல்-மெ-தி-ம், வரவில்லை. நம் 'வரவில்லை' நான், நீ, அவன் எல்லாருக்கும் ஒன்றே. துருக்கியில் 'மெ' வினையடியை ஒட்டி உட்காரும். காலமும் ஆளும் அதற்குப் பின்னால்தான்: கெல்மெதிம், கெல்மெதின், கெல்மெதி. அடியின் கடைசி உயிர் அ, உ போன்றதானால் 'மெ' 'மா' ஆகும்: யப்மாதிம், செய்யவில்லை. நிகழ்காலத்து 'யோர்' வந்தால் 'மெ'யின் உயிர் இ, உ போன்றதாக மாறும்: கெல்மியோரும்; 'ஒகு' (படி) ஒகுமுயோரும் ஆகும்.

நீ இடறிய இன்னோர் இடம், 'கெலிரிம்' (வருவேன்) என்பதைப் பார்த்துக் கட்டிய 'கெல்மெரிம்'. அப்படி ஓர் உருவே கிடையாது. எதிர்மறையில் அந்த 'ர்' போய்விடும். நீ, அவன் என்றால் அங்கே 'ஸ்' வரும்: கெல்மெஸ்ஸின், கெல்மெஸ். நான் என்றால் அதுவும் இல்லை, வெறும் கெல்மெம். இதை மட்டும் உருப்போட்டே ஆகவேண்டும்.

அழுத்தத்தையும் கவனி. 'ஒகுமா'வில் 'கு'வை அழுத்தினால் படிக்காதே. 'மா'வை அழுத்தினால் வாசிப்பு. எழுத்தில் இரண்டும் ஒன்றே, காதுதான் பிரிக்கும்.

பெயர்ச்சொல்லுக்கு இந்த 'மெ' ஒட்டாது. அங்கே நமக்குச் சுலபம்: 'தெயில்' என்பது நம் 'அல்ல', 'யோக்' என்பது நம் 'இல்லை'. 'தொக்தொர் தெயில்', டாக்டர் அல்ல. 'பரா யோக்', பணம் இல்லை. இலக்கணத் தமிழில் 'அல்ல'வையும் 'இல்லை'யையும் குழப்பாதவன் இதையும் குழப்பமாட்டான்.

இனி யாராவது அழைத்து, உன்னால் போக முடியாவிட்டால், 'மாலெசெஃப், கெலெமெயெஜெயிம்' என்று சொல். வருந்துகிறேன், வர இயலாது என்று பணிவாகக் கேட்கும். அந்த அம்மாளிடம் நாளைக்கே போய் இதைச் சொல்லிவிடு: 'கெல்மெம் தெயில், கெலெமெம் தெமெக் இஸ்தெதிம்.' வரமாட்டேன் அல்ல, வர முடியாது என்றே சொல்ல நினைத்தேன். அவர் என்ன பதில் சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
செல்வம்