குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தண்ணீர்த் தொட்டி கழுவியது, வெளிச்சுவருக்கு வண்ணம் பூசியது எல்லாம் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது மாடிப்படிக்கு அடியில் சார்ஜ் போட்டிருந்தபோது எரிந்த மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் அயனி பேட்டரியைப் பற்றி.

அந்த பேட்டரி உப்பி, மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றதை நானே பார்த்திருந்தேன். சொல்லாமல் விட்டது என் தவறு. போட்டிருந்த சார்ஜரும் அந்த வண்டிக்கு உரியதல்ல.

இரவில் முதலில் உஸ்ஸென்று ஒரு சீறல். அப்புறம் தின்னர் போன்ற வாடையோடு வெள்ளையாக ஏதோ தரையோடு பரவியது. புகை என்று நினைத்தோம். அது பேட்டரி கக்கிய வாயு. அதில் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, எரியக்கூடிய கரைப்பான் ஆவி எல்லாம் உண்டு. தீப்பொறி பட்டால் வெடிக்கும். 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பேட்டரி மின்சேமிப்பு நிலையத்தில் இப்படித் தேங்கிய வாயு, கதவைத் திறந்த சிறிது நேரத்தில் வெடித்துத் தீயணைப்பு வீரர்கள் படுகாயம் அடைந்தார்கள். நாமோ வேடிக்கை பார்க்கக் கூடி நின்றோம்.

காவலாளி மெயின் சுவிட்சை அணைத்ததும் பவுடர் சிலிண்டரை அடித்தோம். தீ அடங்கியது. சரி, முடிந்தது என்று கிட்டே போனோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, டப் டப்பென்று பேட்டரிக்குள் இருக்கும் சிறு மின்கலங்களான செல்கள் வெடித்து மறுபடி பிடித்துக்கொண்டது.

பவுடர் தீயை அடக்கும், உள்ளிருக்கும் சூட்டை எடுக்காது. செல்லுக்குள் இரண்டு மின்வாய்களையும் பிரித்து வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஏடு சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்குகிறது. உள்ளேயே ஷார்ட் ஆகி, சூடு சூட்டைக் கூட்டுகிறது. பல வகை லித்தியம் அயனி செல்களில் 200 டிகிரியை ஒட்டி நேர்மின்வாயே ஆக்சிஜனை விடுகிறது. அதனால் காற்றை அடைத்தாலும் பயனில்லை. ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லுக்குத் தாவும்.

லித்தியத்தில் தண்ணீர் ஊற்றலாமா என்று பலர் கேட்டீர்கள். சார்ஜ் செய்யும் லித்தியம் அயனி பேட்டரியில் இருப்பது தண்ணீரோடு வினைபுரியும் லித்தியக் கட்டி அல்ல, அதன் சேர்மங்கள். குளிர வைக்கத் தண்ணீர்தான் சரி, அதுவும் ஏராளமாக. வந்த தீயணைப்பு வீரர்கள் அப்படித்தான் அடித்தார்கள். பிறகு எரிந்த பேட்டரியை வெட்டவெளியில், எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைக்கச் சொன்னார்கள். நாள் கழித்தும் இது மறுபடி எரியலாம்.

இதை எல்லாம் விட என்னை உறுத்துவது வேறு. மூன்றாம் மாடிப் பாட்டி பேத்தியைத் தூக்கிக்கொண்டு பாதிப் படி இறங்கி, புகையைப் பார்த்துத் திரும்பி ஏறினார். ஈரத்துணியைக் கதவிடுக்கில் திணித்துவிட்டு ஜன்னலோரம் நின்றார். இறங்க இருந்தது அந்த ஒரே வழி. அதனால்தான் படிக்கட்டிலும் வாசலிலும் சார்ஜ் போடக் கூடாது என்று செயற்குழு முடிவெடுத்தது. சிலருக்கு அதில் வருத்தம். ஆனால் இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

கசிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லித்தியம் பேட்டரியில் உள்ள உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற அரிக்கும் நச்சு உருவாகும். தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே கால்சியம் குளுக்கோனேட் களிம்பு பூசுவார்கள். வலி தாமதமாகத் தொடங்கலாம், வலிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரியில் சிந்துவது பெரும்பாலும் கந்தக அமிலம். அதன்மேல் சமையல் சோடா தூவலாம், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு. உப்பிய பேட்டரி எதையும் குத்தவோ அழுத்தவோ வேண்டாம், குப்பைத் தொட்டியிலும் போட வேண்டாம்.

இந்த ஆண்டு இரண்டு முறை வெளியேறும் பயிற்சி நடத்தினோம். இரண்டாவது முறை பாட்டிதான் முதலில் இறங்கி வந்தார்.

கட்டடத்தை விட்டுத் தள்ளி, தனி மின்வெட்டியோடு (சர்க்யூட் பிரேக்கர்) சார்ஜ் கொட்டகை போடும் தீர்மானம் அடுத்து வருகிறது. ஆதரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்