ஒற்றைச் சிறுநீரகத்தோடு ஊர் திரும்பியவனின் நன்றி மடல்

விசுவமடு ஊரவர்களுக்கும், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் என்னைப் பராமரித்த அனைவருக்கும்,

கடந்த ஐப்பசியில் என் இடது சிறுநீரகம் அகற்றப்பட்டது. கல்லொன்று சிறுநீர் இறங்கும் வழியை நெடுங்காலம் அடைத்திருந்ததால் அது வீங்கிச் செயலிழந்திருந்தது. இடுப்பில் எடுத்த வலியை வெறும் நாரிப்பிடிப்பென்று எண்ணி, வலிமாத்திரைகளை வாங்கி விழுங்கியே ஆண்டுகளைக் கடத்தியவன் நான். அந்த மாத்திரைகள் நல்ல சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை என்பதைக் கிளினிக்கில்தான் அறிந்தேன். வயலில் குனிந்து நிமிரும் என் போன்றோர் இதைக் கட்டாயம் அறிய வேண்டும்.

வலது சிறுநீரகம் நன்றாக இயங்குகிறதென்றும், ஒருவர் வாழ அதுவே போதுமென்றும் தாளில் படம் வரைந்து விளக்கிய வைத்திய நிபுணருக்கு முதல் நன்றி. அதன் பிறகே பயமின்றிக் கையொப்பமிட்டேன். நெஞ்சுச் சளி குறைய வேண்டுமென்று சத்திரசிகிச்சைக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே சுருட்டை நிறுத்தச் செய்தார் மயக்கமருந்து வைத்தியர். மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப்பயிற்சிக் கருவியை எப்படி இழுப்பதென்று பொறுமையாகக் கற்றுத்தந்தார் தாதி ஒருவர். என் மனைவி அருகிலிருந்து எண்ணிக்கை பார்த்தார்.

குருதி வங்கியில் பொருத்தம் பார்த்து வைத்திருந்த இரண்டு பைகளில் ஒன்று எனக்கு ஏற்றப்பட்டது. யாருடைய குருதி அதுவென்று எனக்குத் தெரியாது. முகமறியாத அந்தக் கொடையாளர் இம்மடலை வாசிக்க நேர்ந்தால், கைகூப்பி வணங்கும் ஒருவன் இங்கே இருக்கிறான் என்பதை அறிந்துகொள்ளட்டும்.

விலாவின் கீழ் வெட்டிய இடம் இருமும்போதெல்லாம் பிளந்துவிடும் போலிருந்தது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமப் பழக்கி, மறுநாளே கட்டிலிலிருந்து இறக்கி, குழாய்வழி சிறுநீர் சேரும் பையைக் கையில் தாங்கியபடி விடுதியின் நீளத்துக்கு என்னை நடத்திய தாதியரையும் சிற்றூழியரையும் மறக்கவியலாது. கொக்குவிலிலிருந்து நாள்தோறும் இருவேளை கஞ்சி கொண்டுவந்த மைத்துனிக்கும், வீடு திரும்பிய நாளில் பரந்தனிலிருந்து விசுவமடு வரை ஒவ்வொரு குழியையும் விலக்கி வாகனத்தை ஊர்ந்தபடி செலுத்திய தம்பிக்கும் நான் கடமைப்பட்டவன்.

ஆறு வாரங்களுக்குப் பாரம் தூக்கக்கூடாது, உழவு இயந்திரத்தில் ஏறக்கூடாது என்றார்கள். காலபோக விதைப்புக் காலத்தில் ஒரு கமக்காரனுக்கு இதைவிடக் கடினமான மருந்து இல்லை. மழை இறங்குமுன் விதைக்க வேண்டிய மூன்று ஏக்கர் தரிசாகக் கிடக்கப்போகிறதென்று நான் கலங்கியிருக்க, பக்கத்து வயல் அண்ணர் தன் காணியைப் பிந்தவிட்டு என் காணியை முதலில் உழுதார். அவருடைய பிள்ளைகள் விதைத்தார்கள். வரம்பு கட்டவும் பசளை இடவும் ஒழுங்கையிலிருந்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்தார். கூலி என்ற பேச்சை எடுத்தபோது அண்ணர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். திண்ணையில் சாய்ந்திருந்து அந்தப் பச்சை ஏறுவதைப் பார்த்த நாள்களில்தான் என் காயமும் ஆறியது.

இரத்த அழுத்தமும், சிறுநீரகத்தின் இயக்கத்தைக் காட்டும் கிரியற்றினின் அளவும் இப்போது சீராக உள்ளன. அடுத்த கிளினிக் மாசியில். அதற்குள் அறுவடை முடிந்துவிடும். புதுநெல்லெடுக்கும் புதிரில் முதற்படி பக்கத்து வயல் அண்ணர் வீட்டுக்கு, அடுத்தது கொக்குவிலுக்கு.

என்றும் நன்றியுடன்,
விசுவமடுக் கமக்காரன் ஒருவன்