உதய்ப்பூரில் சாத்திய கதவுகளைக் காட்டிய சுற்றுலா: பணத்தைத் திரும்பக் கேட்டு ஒரு புகார்

அனுப்புநர்:
முன்பதிவு செய்த பயணி,
திருச்சிராப்பள்ளி.
(பெயர், முகவரி, முன்பதிவு எண் ஆகியவை இணைப்பில்)

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி,
தங்கள் சுற்றுலா நிறுவனம்,
சென்னை.

பொருள்: உதய்ப்பூர் "கோயில், கோட்டை, ஏரி" சுற்றுலாவில் சேவைக் குறைபாடு, கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த பிப்ரவரியில் தங்கள் நிறுவனம் நடத்திய உதய்ப்பூர் சுற்றுலாவில் நானும் என் கணவரும் என் நாத்தனாரும் கலந்துகொண்டோம். ஆளுக்கு 28,500 ரூபாய். விமானக் கட்டணம் தனி. ஊர் திரும்பியதும் நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு, "கோயில்கள் மூடியிருந்தது எங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத விஷயம், நிபந்தனைகளில் உள்ள 'எதிர்பாராத காரணங்கள்' பிரிவின்படி பணம் திருப்பித் தர இயலாது" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இதை விரைவுத் தபாலில் ஒப்புகையுடன் அனுப்புகிறேன்.

எது எதிர்பாராதது என்று முதலில் கேட்கிறேன். மழை பெய்யவில்லை. கடையடைப்பு இல்லை. சாலை உடையவில்லை, வேன் நடுவழியில் நிற்கவும் இல்லை. எங்களுக்குக் கிடைக்காமல் போனவை எல்லாமே, உங்கள் அலுவலகத்தில் அந்தப் பயணத் திட்டத்தைத் தட்டச்சு செய்த அன்றே தெரிந்திருக்க வேண்டியவை. எங்கள் திருவானைக்காவலில் உச்சிக்காலப் பூஜை முடிந்து நடை சாத்திய பிறகு யாராவது வெளியூர்க்காரர் வந்து நின்றால், வாசலில் பூக்கட்டுகிற அம்மாகூட "சாயங்காலம் வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். 28,500 ரூபாய் வாங்குகிறவர்கள் அந்த அளவாவது சொல்ல வேண்டாமா?

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் ராணக்பூர், கும்பல்கர். இந்தச் சுற்றுலாவுக்கு நான் பணம் கட்டியதே ராணக்பூருக்காகத்தான். ராணா கும்பாவின் காலத்தில், 15ஆம் நூற்றாண்டில், தர்ணா ஷா என்ற வணிகர் எழுப்பிய சமணக் கோயில் அது. நான்கு திசையும் நோக்கிய ஆதிநாதர். 1,444 பளிங்குத் தூண்கள், ஒன்றின் வேலைப்பாடு இன்னொன்றில் இல்லை என்பார்கள். காலை ஆறரைக்கே எங்களைக் கிளப்பினீர்கள். மலைப்பாதையில் சுற்றிச் சுற்றிப் போய் ஒன்பதே காலுக்குக் கோயில் வாசலில் இறங்கினோம். சுற்றுலாப் பயணிகளுக்குப் பகல் 12 மணிக்கு மேல்தான் அனுமதி. காலை நேரம் சமணர்களின் வழிபாட்டுக்கு உரியது. அதில் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை, சொல்லவும் மாட்டேன். இது இன்று நேற்று வந்த விதியும் இல்லை.

நீங்கள் அனுப்பிய டூர் மேனேஜர் தம்பி வாயில் காவலரிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தார். பிறகு யாருக்கோ போன் போட்டார். பிறகு எங்களிடம் வந்து, "வெளியிலிருந்து போட்டோ எடுத்துக்குங்க மேடம், கும்பல்கர் போகணும்" என்றார். தூண்கள் உள்ளே இருக்கின்றன, நாங்கள் வெளியே நிற்கிறோம். எதைப் போட்டோ எடுப்பது?

சரி, 12 மணிவரை காத்திருக்கலாமே என்று கேட்டோம். முடியாதாம். கும்பல்கரிலிருந்து வரும் வழியில் ஒரு ஓட்டலில் ஒன்றரைக்குச் சாப்பாடு சொல்லி வைத்திருக்கிறதாம். 15ஆம் நூற்றாண்டுக் கோயிலைவிடப் பன்னீர் பட்டர் மசாலாவுக்கு மரியாதை அதிகம்.

வேன் ஓட்டுநர் உதய்ப்பூர்க்காரர். என் கணவர் ரயில்வேயில் வடக்கே வேலை பார்த்தவர், ஓரளவு இந்தி பேசுவார். அவரிடம் ஓட்டுநர் சொன்னது இது: எல்லோரும் காலையில் கும்பல்கர் போய் நிதானமாகக் கோட்டை ஏறிப் பார்த்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் ராணக்பூர் இறங்கி, அங்கிருந்து உதய்ப்பூர் திரும்புவார்கள், உங்கள் கம்பெனி மட்டும் வரிசையைத் தலைகீழாகப் போட்டிருக்கிறது, முந்தைய குழுவின்போதே அலுவலகத்துக்குச் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. அப்படியானால் எங்களுக்கு முன்னால் போனவர்களும் அதே வாசலில்தான் நின்றிருக்கிறார்கள். இதைச் சொன்னதற்காக அந்த ஓட்டுநர் மேல் நடவடிக்கை எதுவும் கூடாது. இந்தப் பயணத்தில் தன் வேலையை முழுதாகச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

கும்பல்கரில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம். 36 கிலோமீட்டர் மதில் என்று உங்கள் விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கோட்டையில் வாசல் வாசலாகக் கடந்து உச்சியிலுள்ள பாதல் மகால் வரை செங்குத்தாக ஏற வேண்டும் என்பதை எங்கும் போடவில்லை. என் நாத்தனாருக்கு முழங்கால் வலி. முன்பதிவுப் படிவத்தில் நீங்களே "உடல்நலக் குறிப்பு" என்று ஒரு கட்டம் வைத்திருந்தீர்கள். அதில் எழுதியும் கொடுத்தோம். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அவர் ராம் போல் வாசலருகே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் கூடவே இருந்தேன். என் கணவர் பாதி தூரம் ஏறியபோதே டூர் மேனேஜரின் போன் வந்துவிட்டது.

"அனுபவமிக்க வழிகாட்டி" என்றும் தாளில் இருக்கிறது. அப்படி ஒருவர் எங்கும் வரவில்லை. சென்னையிலிருந்து கூட வந்த தம்பிக்கும் எங்களைப் போலவே அது முதல் தடவை. சின்னப் பையன், அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? பன்னா தாய் என்ற செவிலி, தன் மகனைப் பலிகொடுத்துக் காப்பாற்றிய இளவரசன் உதய் சிங்கை ஒளித்து வளர்த்தது இந்தக் கோட்டையில்தான் என்பார்கள். அந்தப் பையன் வளர்ந்து 1559இல் அமைத்த ஊர்தான் நாங்கள் தங்கியிருந்த உதய்ப்பூர். அவருடைய மகன் மகாராணா பிரதாப் 1540இல் பிறந்ததும் இங்கேதான். இதையெல்லாம் அந்தக் கல்லில் உட்கார்ந்தபடி நாத்தனாருக்கு நான் சொன்னேன். வழிகாட்டிக்கான பணத்தை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று தெரிவிக்கவும்.

மறுநாள் நாத்துவாராவும் ஏக்லிங்ஜியும். இரண்டும் ஒரே சாலையில் இருக்கின்றன. உதய்ப்பூரிலிருந்து 22 கிலோமீட்டரில் ஏக்லிங்ஜி, 48 கிலோமீட்டரில் நாத்துவாரா. நாத்துவாராவில் ஸ்ரீநாத்ஜி என்ற கண்ணன் குழந்தையாகவே பாவிக்கப்படுகிறார். மங்களா, சிருங்கார், குவால், ராஜபோக் என்று நாளுக்கு எட்டு தரிசனம், ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம்தான். ராஜபோக் முடிந்தால் சுவாமி ஓய்வெடுப்பார். பிற்பகலில் உத்தாபனுக்குத்தான் மீண்டும் திரை விலகும். அங்கே போகிறவர்கள் இந்த நேரங்களைக் கேட்டுக்கொண்டுதான் வீட்டிலிருந்தே கிளம்புகிறார்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? ஒன்பதரைக்குக் கிளம்பி, ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் ஒரு கைவினைப் பொருள் கடை முன் நிறுத்தப்பட்டோம். பயணத் திட்டத்தில் அந்தக் கடை இல்லை. குளிர்பானம் கொடுத்து உட்கார வைத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் புடவையும் போர்வையும் ஓவியமும் விரித்துக் காட்டினார்கள். ஸ்ரீநாத்ஜிக்குப் பின்னால் தொங்கவிடும் பிச்வாய்த் திரைச்சீலைகளைக்கூட அங்கே வகை வகையாகப் பார்த்தோம். ஸ்ரீநாத்ஜியைத்தான் பார்க்கவில்லை. பன்னிரண்டேகாலுக்கு நாத்துவாரா சேர்ந்தபோது ராஜபோக் தரிசனம் முடிந்து கூட்டம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

கடைக்காரரிடமிருந்து யாருக்குக் கமிஷன் போயிற்று என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் நாங்கள் காசு கொடுத்து வாங்கிய நேரம், அதை எங்கள் அனுமதியில்லாமல் இன்னொருவருக்குக் கொடுத்தீர்கள் என்பதுதான் புகார்.

உத்தாபன் வரை காத்திருக்கவும் நேரமில்லை என்றாகிவிட்டது. திரும்பும்போது ஏக்லிங்ஜி. இந்தப் பகுதியான மேவாரின் அரசர் சிவபெருமான்தான், மகாராணாக்கள் அவருடைய திவான் மட்டுமே என்பது அந்த வம்சத்தின் மரபு. கறுப்புப் பளிங்கில் நான்கு முகத்துடன் இருக்கும் அந்த லிங்கத்தைப் பார்க்க நாங்கள் போய் நின்றது பிற்பகல் இரண்டு மணிக்கு. நடை சாத்தியிருந்தது; இனி மாலைதான். காலையில் அதே கோயிலைத் தாண்டிப் போகும்போது ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, இறங்குகிறீர்களா என்று கேட்டார். "வரும்போது பார்க்கலாம்" என்று முன் சீட்டிலிருந்து பதில் வந்தது.

ஏரிக்கு வருகிறேன். உங்கள் தாளின் முகப்பில், பிச்சோலா ஏரியின் நடுவே வெள்ளையாக மிதப்பதுபோல் நிற்கும் ஜக் நிவாஸ் படம். அதன் கீழே "ஏரி அரண்மனையில் ஒரு மாலை" என்ற வாசகம். 18ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஜகத் சிங் கட்டிய அந்த அரண்மனை பல்லாண்டுகளாக ஐந்து நட்சத்திர ஓட்டலாக இருக்கிறது. அங்கே தங்குபவர்களைத் தவிர எங்களைப் போன்ற படகுப் பயணிகள் கால் வைக்க முடியாது. அதைச் சுற்றி வரும் படகுகள் நிற்பது இன்னொரு தீவான ஜக் மந்திரில். அதுவும் அழகுதான். ஷாஜகான் பட்டம் ஏறுவதற்கு முன், தந்தையுடன் பகைத்துக்கொண்டபோது அங்கே அடைக்கலம் இருந்தார் என்பது வரலாறு. ஆனால் நீங்கள் விற்றது அதையல்ல. படகுக் கட்டணமும் மொத்தத் தொகையில் சேராது என்று படித்துறையில் வைத்துத்தான் சொன்னீர்கள். சூரியன் மறையும் நேரச் சீட்டுக்குப் பகல் சீட்டைவிட விலை கூடுதல். மூவருக்கும் நாங்களே கொடுத்தோம், ரசீது இணைப்பில்.

மலைமேல் இருக்கும் சஜ்ஜன்கர் அரண்மனையிலும் இதே கதை. மலையடிவாரத்தில் வனத்துறைச் சீட்டு தனி, மேலே ஏற்றிச் செல்லும் வண்டிக்குத் தனி. "அனைத்து நுழைவுக் கட்டணங்களும் உட்பட" என்று எழுதிக் கொடுத்தது நீங்கள்.

தங்குமிடம் ஏரிக்கரையில் இல்லை, புறவழிச்சாலையில். வெந்நீர் வந்தது, அதை விடுங்கள்.

ஒன்றும் நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டேன். கடைசி நாள் காலை உங்கள் ஏற்பாடு எதுவும் இல்லாததால், நாங்கள் மூவரும் ஆட்டோ பிடித்து ஜகதீஷ் கோயிலுக்குப் போனோம். 1651இல் முதலாம் ஜகத் சிங் கட்டியது, ஊரின் நடுவில், அரண்மனைக்குப் பக்கத்திலேயே. பளிங்குப் படிகளை நாத்தனார் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறிவிட்டார். பித்தளைக் கருடனுக்கு எதிரே பெண்கள் உட்கார்ந்து பஜனை பாடிக்கொண்டிருந்தார்கள். மொழி புரியாமலேயே நாங்களும் உட்கார்ந்துவிட்டோம். போய்வர ஆட்டோவுக்கு ஆன செலவைத் தவிர ஒரு பைசா ஆகவில்லை. நடை எப்போது சாத்துவார்கள் என்று முதல் நாள் இரவே ஓட்டல் வரவேற்பாளரிடம் கேட்டேன். ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

என் கோரிக்கைகள் இவை. ராணக்பூர், நாத்துவாரா, ஏக்லிங்ஜி ஆகிய மூன்றும் காட்டப்படாததற்கும், கும்பல்கர் அரைகுறையாகக் காட்டப்பட்டதற்கும், வழிகாட்டி இல்லாததற்கும் சேர்த்து, மூவரும் செலுத்திய 85,500 ரூபாயில் 30,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். படகுக்கும் சஜ்ஜன்கருக்கும் நாங்கள் கொடுத்த தொகை முழுதும் ரசீதின்படி தனியே வர வேண்டும். ஏரி அரண்மனைப் படத்தின் கீழுள்ள வாசகத்தை நீக்க வேண்டும். பயண வரிசையை மாற்றிவிட்டோம் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பணத்தைவிட எனக்கு இது முக்கியம், ஏனென்றால் அடுத்த குழுவும் ஆறரைக்குத்தான் கிளம்பும். "அடுத்த பயணத்தில் 10 சதவீதத் தள்ளுபடி" என்று உங்கள் பதிலின் கடைசியில் இருந்தது. அது வேண்டாம்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் ஆகிய இரண்டின் கீழும் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் பதிவு செய்வேன். "வழக்குகள் சென்னை எல்லைக்கு மட்டுமே உட்பட்டவை" என்ற உங்கள் நிபந்தனையைப் படித்தேன். புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று அச்சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு வழக்குக் கட்டணமும் கிடையாது. ஓய்வு பெற்றவள், ஆணையத்துக்கு நடக்க எனக்கு நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
முன்பதிவு செய்த பயணி,
திருச்சிராப்பள்ளி.

இணைப்பு: முன்பதிவு ரசீது, விளம்பரத் தாள், பயணத் திட்டம், உடல்நலக் குறிப்புடன் படிவ நகல், படகு மற்றும் சஜ்ஜன்கர் ரசீதுகள், தங்கள் மின்னஞ்சல் பதில்.

பி.கு.: இதை எழுதி முடிக்கும் நேரத்தில் உங்கள் நிறுவனத்திடமிருந்து வாட்ஸ்அப்பில் மவுண்ட் அபு சுற்றுலா விளம்பரம் வந்திருக்கிறது. அதில் இரண்டாம் நாள் "காலை 8.30: தில்வாரா சமணக் கோயில்கள், 10.00: நக்கி ஏரி" என்று இருக்கிறது. தில்வாராவிலும் சுற்றுலாப் பயணிகளை மதியம் 12 மணிக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள். ஏரியைக் காலையில் போட்டுக் கோயிலை மத்தியானத்துக்கு மாற்றுங்கள். தோல் பெல்ட், தோல் பர்ஸ் எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.